ஆமென் சொல்லாத ஜெபம்

பாளையங்கோட்டை
20 ஜனவரி 2025

ரீபாவுக்கு ஆச்சி எழுதுவது.

அன்றைக்கு இருந்தவர்களை முதலில் எழுதுகிறேன். உன் அப்பன் கிங்ஸ்லி, டிவிக்குப் பக்கத்து நாற்காலியில், கால் மேல் கால் போட்டு. உன் அம்மா ஸ்வீட்லின், கையில் மீதிக் கேக்குத் தட்டோடு. பக்கத்து வீட்டு எலிசபெத் டீச்சர், கூப்பிடாமலே வந்து சோபாவில். பாத்திரம் துலக்க வரும் முத்துராணி, ஈரக்கையோடு அடுக்களை வாசலில். நீ தரையில், மடியில் கம்ப்யூட்டர். நான் கட்டிலில். டிசம்பர் இருபத்தெட்டு, சனிக்கிழமை, சாயங்காலம் நாலே கால். எனக்கு மறதி வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்கிறவர்கள் இதை வாசித்துப் பார்க்கட்டும்.

காப்பிச் செம்பு உயரத்தில் ஒரு பொம்மை. கீழே சக்கரம், மேலே இரண்டு நீலக் கண். பொடியன் என்று பெயர் வைத்தாய். காலேஜ் பாடத்துக்கு இல்லை, சும்மா ஆசைக்குச் செய்தேன் என்றாய். அது என் முகத்தைப் பார்த்து, உன் குரலிலேயே, "இன்பமணி ஆச்சி, சௌக்கியமா?" என்று கேட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அப்போது கண்ணீர் வந்தது.

அப்புறம்தான் உன் அப்பன் கேட்டான்: "ஏட்டி, அம்மா வாசலைத் தாண்டினா இது எனக்குச் சொல்லுமா?"

நீ தலையைக்கூடத் தூக்கவில்லை. "பத்து நிமிஷ வேலைப்பா" என்றாய்.

எலிசபெத் டீச்சர் வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் அந்த வேலை முடிந்தது. அவள் அதைச் சூடாகத்தான் குடித்தாள்.

அன்றிலிருந்து இன்றோடு இருபத்து மூன்று நாள் நான் தனியாக இந்த வீட்டு வாசலுக்கு அந்தப் பக்கம் மண்ணை மிதிக்கவில்லை. காலை எடுத்து வெளியே வைத்தால் போதும், உன் குரலில் கூப்பாடு போடுகிறது: "ஆச்சி, எங்க போறிய? உள்ள வாங்க!" அதற்குள் என் போட்டோ உன் அப்பன் ஆபீசுக்குப் போய்விடுகிறது. அவன் எலிசபெத்துக்குப் போன் போடுகிறான். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் வந்து, ஸ்கூல் பிள்ளையைப் பிடிப்பது போல என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். உன் அப்பன் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறான்: "நான் எங்க அம்மாவப் பூட்டி வைக்கல, கதவு தொறந்துதான் கெடக்கு." ஆமாம், திறந்துதான் கிடக்கிறது. அதைத்தான் நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

எனக்கு ஒரு இடத்துக்குப் போக வேண்டும். என் அக்காள் கிருபாமணி பத்தமடைப் பக்கம் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறாள் என்று உன் அம்மா போனில் யாரிடமோ மெல்லப் பேசினதைக் கேட்டேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை. முப்பது வருஷமாக நான் அவளிடம் பேசுவதில்லை என்பதால் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். அவளிடம் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவள் உயிரோடு இருக்கும்போது கேட்க வேண்டும்.

பொடியனிடம் நீ சொல்லி வைத்ததை எடுத்துவிடு. போனில் பேசாதே, அது கேட்டுக்கொண்டு நிற்கும். முத்துராணி வீட்டு முகவரியை அவளே கீழே எழுதியிருக்கிறாள், அதற்கு எழுது.

ஆச்சி

* * *

கோயம்புத்தூர், ஹாஸ்டல்
29 ஜனவரி 2025

அன்புள்ள ஆச்சிக்கு, ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை ரூமில் இருக்கும் விஜயஸ்ரீ வாங்கிக்கொண்டு வந்து, "ஏய், உனக்கு நிஜமான லெட்டர் வந்திருக்கு" என்று எல்லாருக்கும் காட்டினாள். நான் பாத்ரூமில் வைத்துப் படித்தேன். இரண்டு தடவை.

முதலில் ஒன்று. பொடியன் பேச்சை ஒட்டுக் கேட்டு அப்பாவிடம் சொல்லாது ஆச்சி. சத்தியமாக. நான் எழுதிக் கொடுத்ததற்கு மேல் அதற்கு எதுவுமே தெரியாது. உங்கள் முகம் தெரியும், வாசல் எது என்று தெரியும், அவ்வளவுதான். உங்கள் முகம் வாசலைத் தாண்டினால், பக்கத்தில் வீட்டு ஆள் யாரும் இல்லை என்றால், கூப்பிடும். கெட்ட எண்ணம் எல்லாம் அதற்குக் கிடையாது.

இரண்டாவது. அன்றைக்கு நான் உங்களிடம் கேட்டேன் ஆச்சி. "இப்படிப் போடட்டுமா?" என்று கேட்டேன். "போட்டுக்கோட்டி" என்று சிரித்தீர்கள். இதைச் சண்டைக்காக எழுதவில்லை.

செப்டம்பரில் நீங்கள் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தபோது அப்பா எனக்குப் போன் பண்ணினார்கள். மூச்சு மட்டும் கேட்டது. ஆட்டோ ஓட்டும் காஜா முகைதீன் அண்ணாச்சி உங்களை அடையாளம் தெரிந்து தூக்கி வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? உங்களுக்கு மறதி என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் சர்க்கரை இறங்கினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அதை எடுத்துவிட்டால் அப்பா வேலைக்கே போக மாட்டார்கள், உங்கள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அது உங்களுக்குப் பிடிக்குமா, யோசித்துப் பாருங்கள். மே மாதம் லீவுக்கு வருவேன். நானே பெரியாச்சியிடம் கூட்டிப் போகிறேன். ஜன்னல் ஓரத்து சீட்.

என் குரல் அதில் இருப்பது உங்களுக்குத் துணையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

ரீபா

* * *

பாளையங்கோட்டை
9 பிப்ரவரி 2025

ரீபாவுக்கு,

"போட்டுக்கோட்டி" என்று நான் சொன்னேன். அது உண்மை. ஆனால் நீ என்னிடம் கேட்டது வேறு. "ஆச்சி, நீங்க விழுந்தா இது அப்பாவக் கூப்பிடும், போடட்டுமா?" இதுதான் நீ கேட்டது. வாசல் தாண்டுகிற சங்கதியை நீ உன் அப்பனிடம்தான் பேசினாய். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டாதே. மே மாதம் வரைக்கும் காத்திரு என்று என்னிடம் சொல்லலாம், கிருபாமணியிடம் யார் போய்ச் சொல்வது?

அது போகட்டும். இப்போது ஒரு சங்கதி சொல்கிறேன். உன்னிடம் மட்டும்.

வருஷப் பிறப்பு அன்று உன் அப்பன் ஜெபம் பண்ணும்போது பொடியன் நடுவில் புகுந்து, "புரியல, திருப்பிச் சொல்லுங்க" என்றதே, நினைவிருக்கிறதா? உன் அப்பன் கண்ணை மூடியபடியே பல்லைக் கடித்தான். அடுத்த நாள் நீ அதற்குப் புத்தி சொல்லிக் கொடுத்தாய். "ஜெபம் பண்ணுவோம்" என்று யாராவது சொன்னால் கண்ணை மூடிக்கொள்ளும். "ஆமென்" என்று கேட்டால் திறக்கும். எலிசபெத் டீச்சர்கூட, "எங்க வீட்டுப் பேரப்பிள்ளையளுக்கு இந்த ஒழுக்கம் கெடையாது" என்றாள்.

போன மாதம் முப்பதாம் தேதி குடும்ப ஜெபத்தின் நடுவில் உன் அம்மாவுக்குப் போன் வந்தது. எழுந்து போனவள் திரும்பி வரவில்லை, யாரும் ஆமென் சொல்லவில்லை. உன் அப்பன் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். பொடியன் கண்ணை மூடியது மூடியபடியே நின்றது. மறுநாள் ஜெபம் முடியும்வரைக்கும் இருபத்து மூன்று மணி நேரம் அது திறக்கவே இல்லை. அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

போன திங்கட்கிழமை, எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, அதன் முன்னால் நின்று "ஜெபம் பண்ணுவோம்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டது. உன் பிள்ளை நல்ல பிள்ளைதான். நான் செருப்பை மாட்டினேன். வாசல், படி, கேட்டு, தெரு. ஒரு சத்தம் இல்லை! முக்குக் கடையில் அரைக் கிலோ சீனியும் ஒரு தீப்பெட்டியும் வாங்கினேன். வீட்டில் இரண்டும் இருக்கின்றன, வாங்க வேண்டும் போல இருந்தது. திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆமென்" என்றேன். கண்ணைத் திறந்து, "இன்பமணி ஆச்சி, சௌக்கியமா?" என்று கேட்டது. ரொம்ப சௌக்கியம் என்று சொன்னேன்.

புதனும் வெள்ளியும் போனேன். ஆண்டவர் வாசலைத் தட்டிவிட்டு, "இருங்க வாரேன்" என்று கடைக்குப் போவது மாதிரிதான் இது. முதல் நாள் கூச்சமாக இருந்தது. அப்புறம் யோசித்தேன், தெருவில் நடக்கிற நேரம் முழுக்க நான் ஜெபத்தில்தானே இருக்கிறேன், அது இன்னும் முடியவில்லையே. அதனால் வழியில் யாரையும் மனதுக்குள் திட்டாமல் நடந்தேன். எலிசபெத் வீட்டைக் கடக்கும்போதுகூட.

வருகிற இருபதாம் தேதி வியாழக்கிழமை பத்தமடைக்குப் போகிறேன். பத்தரை மணி பஸ். இரண்டு மணிக்குள் திரும்பிவிடுவேன். சீனிப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு போவேன், நீ பயப்படாதே.

என்ன கேள்வி என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். 1994 நவம்பர் ஏழு, திங்கட்கிழமை, நானும் உன் தாத்தாவும் மலை எஸ்டேட்டில் இருக்கிறோம், விடாத மழை. எங்கள் அம்மா சனிக்கிழமையே போய்விட்டாள். எனக்குத் தந்தி வந்தது திங்கட்கிழமை காலையில். உன் அப்பனை இழுத்துக்கொண்டு நனைந்துகொண்டே இறங்கி வந்தேன். நான் வீட்டுக்குள் நுழையும்போது கிருபாமணி பெட்டியை மூடி ஆணி அடிக்கச் சொல்லிவிட்டாள். கடைசி ஆணி அடிக்கிற சத்தத்தை நான் கேட்டேன். "தொற, ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்று காலில் விழுந்தேன். "நேரமாச்சு" என்றாள். அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை.

ஏன் மூடினாய் என்று கேட்க வேண்டும். மன்னிக்கப் போகிறேன் என்று நினைத்துவிடாதே. கேட்கத்தான் போகிறேன்.

ஆச்சி

* * *

கோயம்புத்தூர்
15 பிப்ரவரி 2025

ஆச்சி,

படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு, அப்புறம் தூக்கம் வரவில்லை.

தனியாகப் போக வேண்டாம் ஆச்சி. தயவு செய்து. பெரியாச்சி உடம்பு எப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் நான் கேட்டுப் பார்க்கிறேன், உங்கள் பெயரைச் சொல்லாமல். அப்பாவே காரில் கூட்டிப் போகும்படி பேசுகிறேன்.

இன்னொன்று எழுதி அடித்துவிட்டேன். நேரில் சொல்கிறேன்.

சீனி மட்டும் போதாது. தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள். இல்லை, போகவே வேண்டாம்.

ரீபா

* * *

பாளையங்கோட்டை
22 பிப்ரவரி 2025

ரீபா,

உன் கடிதம் இருபதாம் தேதி காலை எட்டு மணிக்கு முத்துராணி கொண்டு வந்தாள். வாசித்தேன். அடித்த இடத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன், தெரியவில்லை. பத்து மணிக்குக் கிளம்பினேன்.

ஜெபம் பண்ணுவோம் என்றேன், பொடியன் கண்ணை மூடிக்கொண்டது. முத்துராணி பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டு இருந்தாள். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பஸ் வந்தது. ஏறினேன். ஒரு பிள்ளை எழுந்து இடம் கொடுத்தாள், ஜன்னல் ஓரம். மடியில் சீனி இருந்தது, தண்ணீர் பாட்டில் இருந்தது. மனது குளிர்ந்து உட்கார்ந்திருந்தேன். மேலப்பாளையம் தாண்டவில்லை, உன் அப்பன் பைக்கைக் குறுக்கே விட்டு பஸ்ஸை நிறுத்தினான்.

கண்டக்டர், "என்ன வே, சாவுறதுக்கு வேற எடம் கெடைக்கலியா?" என்று இறங்கினான். உன் அப்பன் கையெடுத்துக் கும்பிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எங்க அம்மைக்கு ஞாபகம் சரியில்ல. எங்க போறோம்னு தெரியாம ஏறிட்டா."

எனக்கு இடம் கொடுத்த பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நான் போற எடம் எனக்குத் தெரியும், ஏலே, எனக்குத் தெரியும்" என்று கத்தினேன். கத்தினதும் எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து என்னை இறக்கிவிட்டார்கள், மெல்ல, ரொம்ப மரியாதையாக. பைக்கில் வரும்போது சீனிப் பொட்டலம் அவிழ்ந்து வழியெல்லாம் கொட்டிக்கொண்டே வந்தது.

நேற்றிலிருந்து கேட்டுக்குப் பூட்டு. "நீங்கதான் என்னப் பூட்ட வச்சிட்டிய" என்றான்.

இப்போது நான் உன்னிடம் கேட்பதற்கு நேராகப் பதில் எழுது.

பொடியனுக்குத் தெரிந்த வாக்கியம் பதினொன்று. நான் எண்ணி வைத்திருக்கிறேன். சௌக்கியமா ஒன்று, மாத்திரை சாப்பிட்டியளா ஒன்று, எங்க போறிய ஒன்று, புரியல ஒன்று, ஆச்சியக் காணும் ஒன்று, இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவது கிடையாது. ஆனால் அன்றைக்கு நான் போன கொஞ்ச நேரத்தில் ஆள் இல்லாத ஹாலில் அது கண்ணைத் திறந்து, "ஆச்சி, ஆமென் சொல்ல மறந்துட்டியளா?" என்று கேட்டதாம். அப்புறம் அறை அறையாகப் போய் என்னைத் தேடி, "ஆச்சியக் காணும், ஆச்சியக் காணும்" என்றதாம். முத்துராணி பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். "நம்ம ரீபா பாப்பா வந்து கூப்பிடுதோன்னு ஓடி வந்தேன் ஆச்சி" என்கிறாள்.

நேற்று நானே சோதித்துப் பார்த்தேன். ஜெபம் பண்ணுவோம் என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாகப் பத்து நிமிஷம். கண்ணைத் திறந்து அந்த வாக்கியத்தைச் சொன்னது. மற்றப் பதினொன்றும் நம் வீட்டு ஹாலில் நீ பேசிப் பதிந்தவை. இந்தப் பன்னிரண்டாவதன் பின்னால் ஒரு ஃபேன் கடகடவென்று ஓடுகிறது. நம் வீட்டில் அப்படி ஓடுகிற ஃபேன் கிடையாது.

மறந்துட்டியளா என்று என்னைப் பார்த்துக் கேட்கிறது. என்னை!

ஆச்சி

* * *

கோயம்புத்தூர்
1 மார்ச் 2025

ஆச்சி,

ஆமாம். நான்தான். அடித்த இடத்தில் எழுதியிருந்ததும் அதுதான்.

பதினான்காம் தேதி செய்தேன். இங்கிருந்தே செய்ய முடியும், வீட்டு வைஃபை வழியாக அதற்குப் போய்விடும். நம் வீட்டில் எந்த ஜெபமும் பத்து நிமிஷத்துக்கு மேல் போகாது, அதனால் பத்து நிமிஷத்தில் ஆமென் வராவிட்டால் தானாகக் கண்ணைத் திறந்து உங்களைத் தேடி, காணாவிட்டால் அப்பாவுக்குச் செய்தி அனுப்பும்படி எழுதினேன். எழுதுவதற்கும் பத்து நிமிஷம்தான் ஆனது. குரலைப் பதிவதற்குத்தான் நேரமாகிவிட்டது. நாலு தடவை பதிந்தேன், ஒவ்வொரு தடவையும் குரல் நடுங்கியது. ஹாஸ்டல் ஃபேனை நிறுத்தத் தோன்றவில்லை.

நீங்கள் ரோட்டில் விழுந்து கிடப்பது மாதிரியே எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்குச் செய்தி போனால் அவர்கள் வந்து உங்களைக் காரில் ஏற்றிப் பெரியாச்சி வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள் என்று நினைத்தேன். அப்பாவிடம் அப்படிச் சொல்லியும் வைத்தேன். "பாக்கலாம்ட்டி" என்றார்கள். பஸ்ஸை மறிப்பார்கள் என்று நினைக்கவில்லை. அந்த வார்த்தையைச் சொல்வார்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

உங்களிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் வேறு வழி கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயந்தேன். அதுதான் உண்மை.

நேற்று முழுக்க அதை அழிக்கப் பார்த்தேன். வைஃபையின் பாஸ்வேர்டை அப்பா மாற்றிவிட்டார்கள். நான் கேட்டேன். "நீ படிக்கிற வேலையப் பாரு" என்றார்கள். குரல் ஒரு மாதிரி இருந்தது, என்ன என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. இங்கிருந்து இனி என்னால் ஒன்றும் செய்ய முடியாது ஆச்சி. செய்ததை மட்டும்தான் செய்ய முடிந்தது.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

ரீபா

* * *

பாளையங்கோட்டை
12 மார்ச் 2025

ரீபா,

உன் அப்பன் குரல் ஏன் ஒரு மாதிரி இருந்தது என்று இப்போது தெரிந்துகொள். கிருபாமணி பிப்ரவரி இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை விடியற்காலம் போய்விட்டாள். மறுநாள் அடக்கம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, மட்டன் குழம்பு ஊற்றின பிறகு சொன்னான். "ஒங்க ஒடம்புக்குத் தாங்காதுன்னுதான்ம்மா" என்றான். நான் சாப்பிட்டு முடித்தேன். தட்டைக் கழுவி வைத்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டு உன் அம்மாவிடம் மெல்லச் சொன்னான்: "பாத்தியா, அவளுக்குப் புரியல."

முந்தாநாள் பேச்சித்தாய் வந்தாள். கிருபாமணிக்குக் கடைசி இரண்டு வருஷம் கஞ்சி கொடுத்து, உடம்பு துடைத்து, கூடவே இருந்தவள். வயல் வேலைக்குப் போகிற பொம்பளை. இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள். கேட்டில் பூட்டு, சாவி உன் அப்பனிடம். உன் அம்மா ஸ்கூலில். வாசலைத் தாண்டாமல் உள்ளே நின்று பேசலாம் என்றால் காது கேட்காத தூரம். பொடியனிடம் ஜெபம் பண்ணுவோம் என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்குப் போனேன். எங்கள் இரண்டு பேருக்கும் கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று பேச நீ கொடுத்த பத்து நிமிஷம் இருந்தது.

"நீங்கதான் இன்பமணியம்மாவா? மூக்கு அப்படியே இருக்கு" என்றாள்.

"பாக்க வரலன்னு திட்டினாளா?" என்றேன்.

"திட்டல. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ. கடைசி நாள்ல ஒண்ணே ஒண்ணு சொன்னாவ. 'ஏளா பேச்சி, என் தங்கச்சி வார வரைக்கும் பெட்டிய மூட விட்டுராத' அப்படின்னாவ. நாங்க உங்க மவனுக்கு மூணு தடவ போன் போட்டோம். 'அவ வர்ற நெலமையில இல்ல'ன்னுட்டாரு. சர்ச்சு ஐயரு ரெண்டு மணிக்கு மூடுவோம்னாரு. நான் பெட்டிய மறிச்சு உக்காந்துக்கிட்டேன். நான் உங்க வேதம் இல்ல, என்ன யாரு என்ன செய்ய முடியும்? ஆறரை வரைக்கும் மூட விடல. பெறவு இருட்டிட்டு."

அவளிடம் கேட்க வைத்திருந்ததை இவளிடம் கேட்டேன். எங்கம்மா பெட்டியை ஏன் மூடினாள், அதைப் பற்றி எதுவும் சொன்னாளா?

பேச்சித்தாய் என் கையைக் கம்பிக்குள்ளால் பிடித்தாள். "சொல்லாம? வருசம் பூரா அதத்தான சொன்னாவ. ரெண்டு நாள் மழையில கெடந்து அம்மை மொகம் மாறிப்போச்சாம், பாக்கக் கூடாத மாதிரி. 'என் தங்கச்சிக்கு ஒண்ணுமே மறக்காது பேச்சி. அந்த மொகத்தப் பாத்தான்னா சாவுற மட்டும் அதையே வச்சிக்கிட்டு அலைவா. அதான் மூடச் சொன்னேன். என்னிய மறக்காம வச்சிருந்தாலும் பரவாயில்ல'ன்னு சொல்லுவாவ."

அந்த நேரத்தில் ஹாலுக்குள்ளிருந்து உன் குரல் கேட்டது: "ஆச்சி, ஆமென் சொல்ல மறந்துட்டியளா?" பேச்சித்தாய் எட்டிப் பார்த்து, "பேத்தியா? எம்புட்டுக் கரிசனமாக் கூப்பிடுதா!" என்றாள். எலிசபெத் டீச்சர் வந்து கம்பிக்குள்ளால் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். பேச்சித்தாய்க்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

இரண்டு நாளாக நான் கணக்குத் தீர்த்துக்கொண்டு இருக்கிறேன். கிருபாமணியை மன்னித்துவிட்டேன். வேறு வழி இல்லை. மன்னித்த பிறகு ஒரு சங்கதி தெரிந்தது, அவளைப் பற்றி நினைக்க எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை. முப்பது வருஷம் காலையில் எழுந்தவுடன் அவள் முகம்தான் முதலில் வரும், பல்லைக் கடிப்பேன், அப்புறம்தான் பல் தேய்ப்பேன். இன்று காலை யார் முகமும் வரவில்லை. உட்கார்ந்திருந்தேன். நான் மன்னித்தவர்களை எனக்கு மறந்துபோகிறது ரீபா. எனக்கு மறதி உண்டு, அது அந்த வழியில்தான் உண்டு.

அன்றைக்கு இருந்தவர்களைத் திருப்பி எழுதுகிறேன். முத்துராணி ஒரு குற்றமும் செய்யவில்லை. எலிசபெத் டீச்சரை மன்னித்துவிட்டேன், அவளிடமும் வீட்டில் யாரும் பேசுவதில்லை, என் மணிக்கட்டாவது கிடைத்தது. ஸ்வீட்லினை மன்னித்துவிட்டேன். உன் அப்பனை மன்னித்துவிட்டேன். நேற்று முகத்துக்கு நேராகச் சொன்னேன், "ஒன்னிய மன்னிச்சிட்டேன் கிங்ஸ்லி" என்று. அவன் சந்தோஷப்பட்டு எனக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தான். என்ன நடந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

பூட்டு அப்படியே இருக்கிறது. பொடியன் அப்படியே இருக்கிறது. தினமும் பத்து மணிக்கு அதைக் கண் மூட வைத்துவிட்டு, கேட்டு வரைக்கும் போய்ப் பூட்டைத் தொட்டுவிட்டு வருகிறேன். பத்து நிமிஷம் யாரும் பார்க்காமல் நடக்கிறேன். பிறகு உன் குரல் என்னைத் தேடுகிறது, அறை அறையாக. நான் சில நாள் கதவுக்குப் பின்னால் நின்று, அது தேடி முடிக்கும்வரைக்கும் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

மே மாதம் வா. பூட்டைத் திறக்கச் சொல்லி உன் அப்பனோடு நீ சண்டை போட வேண்டும், வேறு யாரும் போட மாட்டார்கள். அதற்காக நான் இறங்கி வருவேன் என்று நினைக்காதே. மற்றவர்களிடம் நான் எதையும் சொல்லி வைத்ததில்லை, அவர்கள் கெடுக்கவும் ஒன்றுமில்லை. ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னேன்.

அன்றைக்கு அந்த ஹாலில் ஆறு பேர் இருந்தோம். அதில் ஒருத்தியை நான் மன்னிக்க மாட்டேன். எத்தனை கடிதம் எழுதினாலும் சரி, என் பெட்டியை மூடுகிற வரைக்கும் மாட்டேன். தினமும் காலையில் எழுந்தவுடன் எனக்கு நினைக்க ஒரு முகம் வேண்டும். அவள் பெயர் ரீபா.